பதினேழாம் வரிசைக்கு அடித்த மருந்து

இன்று காலை நாற்றுப் பாத்தியோரம் நோய் வைக்கோலைப் பரப்பித் தண்ணீர் தெளித்தேன். அந்தப் புளித்த வாடை எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போய்விட்டாய் என்று அரும்பாவூரிலிருந்து உன் மகள் போனில் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு வராத அழுகை இன்றைக்கு இந்த நாற்றத்தில் வந்தது. நீ இருந்திருந்தால், "பூ வாசத்துக்கு அழுவுறவள பாத்திருக்கேன், இதுக்கு அழுவுறவள இப்பத்தான் பாக்குறேன்" என்று கேலி செய்திருப்பாய்.

நம் வேலையே ஊரார் சிரிக்கிற வேலைதானே. மற்றவர்கள் பயிருக்கு நோய் வரக்கூடாதென்று சாமி கும்பிட, நாம் வரவேண்டுமென்று பாடுபட்டோம். பூஞ்சணத்தால் வந்து நெல்லைக் கருக்கிவிடும் குலைநோயை எந்த ரகம் தாங்கும் என்று பார்க்கிற பண்ணை அது. புது ரகங்களை வரிசை வரிசையாக விதைத்து, சுற்றிலும் சீக்கிரம் நோயில் விழுகிற ரகத்தை விதைத்து, யூரியாவை அள்ளிப் போட்டு, மாலையானால் நீர் தெளித்து, நோயை விருந்தாளி மாதிரி கவனித்தோம். நான் வரிசை வரிசையாக நோய்க்கு மதிப்பெண் போடுபவள். நீ தினக்கூலி. ஆபீசர் முன்னால் என்னை மேடம் என்பாய். அவர் ஜீப் கிளம்பியதும் "ஏ புள்ள" தான். இருவருக்கும் ஒரே வயது.

நோய் விழுந்த வைக்கோலைத் தேடி தா.பழூர் பக்கம் போய், கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோமே! "மாட்டுக்காம்மா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இல்லைங்க. இது நோவு. எங்க வயலுக்கு வெதைக்க எடுத்துட்டுப் போறோம்" என்றாய், முகம் மாறாமல். பக்கத்திலிருந்த அம்மா எழுந்து பின் சீட்டுக்கே போய்விட்டார். அவர் இடத்தில் வைக்கோல் கட்டை வைத்துவிட்டு இறங்கும்வரை சிரித்தோம். அப்படி நான் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

அந்தப் பருவத்தில் பதினேழாம் வரிசை என்னுடையது. கருகிக் கிடந்த ஒரு வயலின் நடுவில் பச்சையாக நின்ற ஒற்றை நெற்குத்தைக் கண்டுபிடித்து, விதையெடுத்துப் பெருக்கி, ஆபீசரிடம் கெஞ்சிச் சேர்த்தேன். பெரிய படிப்புப் படித்தவர்களின் ரகங்களுக்கு நடுவே, பிளஸ் டூ படித்தவளின் நெல். தினமும் அதன் எதிரே போய் உட்கார்ந்துவிடுவேன். "பரிச்ச எழுதுற புள்ளைய வாசல்ல நின்னு பாக்குற ஆத்தா கணக்கா இருக்க" என்பாய்.

மார்கழிப் பனியில் எல்லா வரிசையும் கருகின. இலை முழுக்கக் கண் மாதிரிப் புள்ளிகள். பதினேழில் மட்டும் ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு புள்ளிதான். பூஜ்ஜியம் என்றால் சுத்தம், ஒன்பது என்றால் செத்தது. பதினேழுக்கு நேரே ஒன்று என்று எழுதினேன். ஆபீசர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். இந்த விதையை அடுத்த பருவம் விவசாயிகளுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலம் நானும் ஆபீசரும் இருக்கும்போது ஆபீஸ் வாசலில் வந்து நின்றாய்.

"சார், அது தாங்குன நெல்லு இல்லைங்க. நான்தான் மருந்தடிச்சேன். அந்த ஒத்த வரிசைக்கு மட்டும், ரெண்டு தரம். அது கருகிப்போனா இந்தப் புள்ள தாங்காதுன்னு அடிச்சுட்டேன். வெதைய யாருக்கும் குடுத்துடாதீங்க சார். நம்பி வெதைச்சவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்."

"யாருடி உன்னை அடிக்கச் சொன்னா?" என்று நான் கத்தினேன். மறுநாள் முதல் உனக்கு வேலை இல்லை. வெங்காயக் காட்டு வேலைக்கு அரும்பாவூர்ப் பக்கம் போய்விட்டாய். அடுத்த பருவம் பதினேழைத் திரும்ப விதைத்தோம். எட்டு வாங்கியது.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. மதிப்பெண் போட்ட அன்று, பதினேழின் இலைகளில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். மருந்து என்று தெரிந்துவிட்டது. நீ அடித்தாய் என்று தெரியாது, யாரோ அடித்திருக்கிறார்கள் என்று தெரியும். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டுதான் அந்த ஒன்றை எழுதினேன். உன்னைப் பார்த்துக் கத்தியபோதும் எனக்குத் தெரியும்.

இப்போதும் மதிப்பெண் போடுமுன் ஒவ்வொரு வரிசையிலும் இலையை விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். கூட இருக்கும் பெண்கள் எதற்கு என்று கேட்டால், பழக்கம் என்று சொல்லிவிடுவேன்.

சில வருடம் கழித்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். நீதான் ஓடிவந்து கையைப் பிடித்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய். "இன்னும் கோவமா புள்ள? ஒனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு பண்ணிப்புட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றாய். கோபமில்லை என்றேன். பெரிய மனசு பண்ணி உன்னை மன்னிப்பவள் மாதிரிச் சொன்னேன். உன் பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தேன்.