ஏணியடியில் நின்ற வீரனைக் குறித்து எயிற்கோட்டைக்கு விடுத்த திருவோலை

நலம் பெருகுக. வெண்குன்ற நாட்டை ஆள்பவரும், மூன்று ஆறுகளுக்கு உரியவரும், பேசாதிருந்தே பகைவரை வென்றவர் எனப் புலவரால் பாடப்பெறுபவருமான பொறைவேள் ஆதன், எல்லைக்கு இமையாக நிற்கும் எயிற்கோட்டைத் தலைவர் கீரந்தைக்கு விடுக்கும் ஓலை. உம் மதில்கள் உறுதியாக நிற்க. உம் வீரர் பசியின்றி வாழ்க.

எழுதப்போவதை நாம் சரியாக நினைவில் வைத்திருக்கிறோமா என்பதே ஐயம். ஆறுகள் மூன்று என்று மேலே எழுதச் சொன்னோம். அவற்றில் ஒன்று வற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று தெரியாது. ஒரு பெண் நம்மிடம் ஒரு சொல் சொன்னாளா, சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நாமே எண்ணிக்கொள்கிறோமா என்பதும் தெளிவில்லை. ஆயினும் அல்லியங்கோதை என்னும் அப்பெண் உம் சிறையில் இருப்பது தெளிவு. வரும் வெள்ளிக்கிழமை அவள் நாடு கடத்தப்படவிருப்பதும் தெளிவு. ஆகவே ஐயத்தோடேயே எழுதுகிறோம்.

நமக்கும் ஆழிமங்கலத்தாருக்கும் நடுவிலுள்ள உப்பளம் யாருக்கு என்பதை, போரால் அல்லாமல், மூன்றாண்டுக்கு ஒருமுறை பழைய விளையாட்டுப் பொறியில் இருவர் ஆடித் தீர்ப்பது வழக்கம் என நீர் அறிவீர். சென்ற மூன்று ஆட்டங்களிலும் நமக்காக ஆடி வென்றவள் கோதை. இம்முறை அப்பொறி உயிர்விட்டது. அதைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்னும் புதுப்பொறியை ஒரு வணிகன் கொண்டுவந்து தந்தான். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரின் எந்தப் பொத்தான் எச்செயலுக்கு என்பதை முதலில் அதற்குச் சொல்லித்தர வேண்டும் என்றும் கூறிப்போனான்.

சொல்லித்தருவது எளிதன்று. திரையில் தோன்றிய பெயர்கள் பழைய பொறியின் பெயர்களும் அல்ல, கோதையின் கையிலிருந்த கன்ட்ரோலரின் பெயர்களும் அல்ல. இரண்டுக்கும் நடுவே எவரும் கண்டிராத மூன்றாவது கன்ட்ரோலர் ஒன்று உண்டாம். கையிலுள்ளது முதலில் தன்னை அதுவாக எண்ணிக்கொண்டு, பின்னர் பழையதாக நடிக்க வேண்டுமாம். திரையில் ‘அ’ என்றிருப்பது கையில் ‘ஆ’. அதே பொத்தான் பழைய பொறியில் ‘இ’. முதலமைச்சர் சாத்தந்தை குழு ஒன்று அமைத்துப் பதினேழு நாள் ஆராய்ந்தார். ‘இடம்’ என்பது நம்முடைய இடமா, நம்மை எதிர்நோக்கும் திரையின் இடமா என்ற வினாவில் உறுப்பினர் ஒருவர் மனமுடைந்து துறவு பூண்டார். முடிவில், பெயர்களைப் படிப்பதே குழப்பத்துக்கு வேர் என்றும், திரையைப் பாராமல் மேல், கீழ், இடம், வலம், அடி, குதி, கேடயம் என்ற வரிசையில் ஏழு பொத்தான்களை அழுத்திவிட வேண்டும் என்றும் ஓலை எழுதினர்.

புதுப்பொருள் எதையும் அரசர் தலையசைக்கும் முன் தொடலாகாது என்பது நம் அவை மரபு. கோதை பொத்தானின்மேல் விரலை நிறுத்தி நம் முகத்தைப் பார்த்திருந்தாள். இறந்த ஒன்றைப் போல நடிப்பது வாழ்வாகுமா என்று நாம் சிந்தித்தோம். நல்ல சிந்தனைதான், ஏழெட்டு எண்ணும் நேரம் பிடித்தது. பிறகு தலையசைத்தோம். அப்போதுதான் அவள் தாழ்ந்த குரலில், “ராசா, அது கேட்டுட்டுத் தாண்டிப் போயிருச்சு” என்று சொன்னதாக நமக்கு ஒரு நினைவு. பேசாதே என்பதுபோல் சாத்தந்தை விரலை உயர்த்தினார். அவள் ஓலையின்படி ஏழையும் அழுத்தினாள். அமைப்பு நிறைவுற்றது என்று திரை வாழ்த்தியது. அதன்மேல் அரச இலச்சினை இடப்பட்டது.

அன்று பிற்பகல் ஆடிப்பார்த்துவிட்டு அவள் சாத்தந்தையிடம் முறையிட்டது ஏட்டில் உள்ளது. அதை அவள் சொன்னபடியே தருகிறோம்: “அடின்னு அழுத்துனா குதிக்குது. குதின்னு அழுத்துனா கேடயத்தத் தூக்கிக்கிட்டு நிக்குது. இன்னொரு தடவ முதல்லேருந்து கேக்கச் சொல்லுங்கய்யா.” அழுத்தியது ஒன்றும் நடப்பது வேறொன்றுமாக இருப்பதே மூன்றாவது கன்ட்ரோலர் செவ்வனே இயங்குவதற்குச் சான்று என்றும், இலச்சினை பெற்றதை மீண்டும் கேட்பது அரசரைத் திருத்துவதாகும் என்றும் சாத்தந்தை தீர்ப்பெழுதினார்.

அவள் வாதாடவில்லை. மாறிப்போன பொத்தான்களுக்கே தன் விரல்களைப் பழக்கிக்கொண்டு, மறுநாள் முதலிரண்டு சுற்றுகளையும் வென்றாள். மூன்றாம் சுற்றில் ஏணி வந்தது. ‘மேல்’ என்னும் செயல் எந்தப் பொத்தானுக்கும் உரியதாகியிருக்கவில்லை. திரையிலிருந்த நம் வீரன் ஏணியடியில் நின்றான், குதித்தான், கேடயத்தைத் தூக்கினான், மீண்டும் நின்றான். அவை சிரித்தது. நம் வீரனுக்கு உயரம் ஒவ்வாதோ என்று ஆழிமங்கலத்து அரசர் கனிவோடு விசாரித்தார்.

பகைவரிடம் கையூட்டுப் பெற்று நின்றாள் என்று சாத்தந்தை குற்றம் சாட்டினார். ஏன் ஏறவில்லை என்று கேட்டதற்கு அவள், “ஏறச் சொல்ல வழியில்ல. ஏன் இல்லன்னு நான் சொன்னா தண்டனை பெருசாயிரும்” என்றாள். நாம் பேசாதிருந்தோம். பேசாதிருந்ததை நாடு கடத்துவதற்கு இசைவு என்று எழுத்தர் எழுதிக்கொண்டார்.

நேற்றுக் காலை நாம் தனியே அப்பொறியின் முன் அமர்ந்தோம். ‘மேல்’ என்று திரை கேட்டது. ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என எண்ணியது. விடை வராததால் ‘கீழ்’ என்று கேட்கத் தொடங்கியது. அது அரசனுக்காகவும் காத்திராது. ‘கீழ்’ என்று கேட்கும்போது அன்று நாம் தலையசைத்திருக்கிறோம். அதன்பின் அவள் அழுத்தியதெல்லாம் ஒவ்வொரு படி தள்ளிப் பதிந்திருக்கிறது. இம்முறை சிந்திப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே ஆணை: இவ்வோலை கண்ட நாழிகையே கோதையின் தளையை நீக்கும். வேறெவர் ஒப்பத்துக்கும் காத்திராதீர். அவள் விரும்பும் ஊர்வரை குதிரையும் துணையும் தாரும். இது அரசரின் அருள் என்று அவளிடம் சொல்ல வேண்டாம்; அரசரின் பிழை என்று சொல்லும். அதைக் கோட்டை முற்றத்தில், எல்லோரும் கேட்க, உரக்கச் சொல்லும். இதற்கு மாறு செய்வோர் நமக்கு மாறு செய்தவராவர். நம் கையாலேயே இலச்சினை இட்டோம்.

மற்றவர் நிலையையும் அறிந்துகொள்ளும். உப்பளம் ஆழிமங்கலத்தாருக்குப் போய்விட்டது. அங்கு உழைப்போர், உப்பு அதே உப்புதான் என்கின்றனர். சாத்தந்தையைப் பதவியிலிருந்து நீக்கினோம். ஆழிமங்கலத்தாரும் அதே பொறியை வாங்கியுள்ளதால், அங்கே குழுத் தலைவராக அமர்ந்துவிட்டார். துறவு பூண்டவர் திரும்பவில்லை. நாம் நலமே. கோதை மட்டும் இன்னும் உம் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள். நாம் எழுதி முடித்தோம், நீர் எழுந்திரும்.