மருந்து கலக்காத குழியும் தெளிவாகவே இருந்தது

அனுப்புநர்:
விதை வியாபாரி,
மூன்றாம் கிடங்கு, சந்தைத் தெரு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: பிளேக் கிருமி மீதான மருந்துச் சோதனையை மறுபடி நடத்தவும், நிறுத்திய ஊசியைத் தொடரவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கிடங்கில் எலிகள் செத்தன. பொறி வைத்து, செத்தவற்றையும் அள்ளிப்போட்ட என் மச்சினனுக்குப் பிளேக் கண்டு, ஆறு நாளாகத் தனிமை வார்டில் கிடக்கிறான். கிடங்கை அன்றே பூட்டிவிட்டேன்.

2. முதலில் இரண்டு மருந்தைச் சேர்த்து ஊசியில் ஏற்றினார்கள், தேறினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "எலியப் பிடிக்கச் சொல்லிட்டு என்னையில்ல மாமா பொறியில வெச்சுட்டீங்க" என்று கேலி பேசினான். நேற்று முன்தினம், முதல் மருந்து ஒன்றே போதும் என்று தங்கள் ஆய்வகம் அறிக்கை தந்தது. சிறுநீரகத்துக்கு ஆகாது என்று இரண்டாவதை நிறுத்தினார்கள். மாலையே காய்ச்சல் ஏறியது. இப்போது கேலி இல்லை.

3. ஆய்வகத்தில் விசாரித்தேன். ஒரு தட்டிலுள்ள சிறு குழிகளில் கிருமியை விட்டு, வெவ்வேறு அளவில் மருந்து கலப்பார்களாம். வளர்ந்தால் குழி கலங்கும், அடங்கினால் தெளிவு. மற்ற கிருமிகளுக்குப் போலவே ஒரே நாளில் பார்த்து, தெளிவு என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் விதைக்கு மருந்து பூசிச் சோதித்தால், பூசாத விதையையும் பக்கத்தில் முளைக்கப் போடுவோம். அதனால், மருந்தே கலக்காத குழி எப்படி இருந்தது என்று கேட்டேன். "அதுவும் தெளிவாத்தாண்ணே இருந்துச்சு. இது மெதுவா வளர்ற சாதி. படிவத்துல அதை எழுதக் கட்டம் இல்லண்ணே" என்றார் சோதனை செய்தவர். அப்படியானால் மற்றக் குழிகள் தெளிவாக இருந்தது மருந்தாலா, நாள் போதாமலா என்றே சொல்ல முடியாது.

4. தொழிலுக்கு வந்த புதிதில், நானும் மூன்றாம் நாளே எண்ணிப் பார்த்து, மிளகாய் விதை செத்ததென்று மூட்டையோடு கொட்டினேன். பத்தாம் நாள் குப்பைமேடே பச்சையாக நின்றது. எனக்குப் போனது ஒரு மூட்டை. ஆகவே ஆய்வகத்தாரைத் திட்ட எனக்கு வாயில்லை, தெம்பும் இல்லை. மூன்று அலுவலகம் ஏறி இறங்கிவிட்டேன். சோதனையை மறுபடி நடத்தி, மருந்தில்லாத குழி கலங்கிய பிறகே மற்றதைப் பார்க்க உத்தரவிடுங்கள். அதுவரை இரண்டாவது ஊசியும் போகட்டும்.

இடம்: தனிமை வார்டு வராந்தா
தேதி: இம்மாதம் பதினான்கு

இப்படிக்கு,
(ஒப்பம்)
விதை வியாபாரி

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கையில் வார்டு மருத்துவர் வந்து பேசினார். முடிவானது இது: இரண்டாவது ஊசியை அவர் பொறுப்பில் இப்போதே போடுகிறார், தங்கள் கையெழுத்திட்ட அனுமதி நாளை நண்பகலுக்குள் அவர் கைக்கு வர வேண்டும், சோதனை முழுதாக இரண்டு நாள், முடிவு வரும்வரை, விதைப்புக் காலமானாலும், கிடங்கை யாரும் திறக்காதிருக்க என் சாவி அவர் மேசையில்.