உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று கணினிக்குக் கற்பித்தது குறித்து

அனுப்புநர்:
இரா. கலியமூர்த்தி (வயது 71),
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சுகாதாரத் துறை, புதுச்சேரி.

பொருள்: வேதவல்லி நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை என் மனைவிக்கு நிறுத்திய சிகிச்சையை மீண்டும் தொடங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உயிரோடு இருக்கும் ஒருவரை இறந்தவர் என்று கணினிக்குக் கற்பித்து, அந்தக் கணினியின் பேச்சைக் கேட்டு என் மனைவி அஞ்சலாட்சிக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

2. 2004இல் குணமான அவளது மார்புப் புற்றுநோய் சென்ற ஆண்டு திரும்பியது. கட்டியின் மரபணுவில் உள்ள மாற்றங்களைக் கணினியில் கொடுத்தார்கள். பழைய நோயாளிகளின் மாற்றங்களையும், அவர்கள் பிழைத்தார்களா என்பதையும் பார்த்துக் கற்ற கணினியாம். இவள் ஓராண்டு தாண்டமாட்டாள் என்றது. இனி வலி மாத்திரை போதும் என்று ஆய்வு மருத்துவர் கலைவாணன் அவளிடமே சொன்னார். 2004இல் இவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த கொளஞ்சிக்கும் இதே மாற்றம்தான், அவரும் இறந்துவிட்டார் என்று ஆறுதல் வேறு.

வீட்டுக்கு வந்தவள் தன் பட்டுப்புடவைகளை எடுத்து மகள் சரிதாவிடம் கொடுத்துவிட்டாள்.

3. சென்ற மாதம் பெரிய மார்க்கெட்டில் அந்தக் கொளஞ்சி மீன் விற்றுக்கொண்டிருந்தார். விவரம் சொன்னேன். "நான் செத்துட்டனாண்ணே? அப்ப இந்த சங்கரா மீன பேயா விக்குது?" என்று சிரித்தார். கனகசெட்டிக்குளத்தில் அவர் வீட்டை அந்த ஆண்டுக் கடைசியில் சுனாமி கொண்டுபோனது. தகரக் கொட்டகைக்கு மாறினார். உடம்பு தேறியதால் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை.

4. பழைய நோயாளியின் நலம் கேட்டு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தால் அவரை இறந்தவராகக் கொள்வதே ஆய்வின் முறை என்றார் மருத்துவர். கடலோரமே இடம்பெயர்ந்த ஆண்டில் திரும்பாத கடிதம் எது ஐயா? ஆலையில் அறுந்த நூலின் முனையைத் தேடி இணைப்பது என் வேலை. அறுந்ததைத் தீர்ந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மேலும் கேட்டதற்குக் காவலாளியைக் கூப்பிட்டார்கள்.

5. அஞ்சலாட்சி பிழைப்பாள் என்று நான் சாதிக்கவில்லை. கணினி மேலும் கோபமில்லை. கற்பித்ததைத்தான் அது சொன்னது.

6. ஆகவே:

அ) இந்தக் கணினியின் சொல்லை வைத்து எவருக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று தாங்கள் உடனே ஆணையிட வேண்டும்.

ஆ) கடிதம் திரும்பிய ஒவ்வொருவரையும் மருத்துவமனை ஊர் ஊராகப் போய்த் தேட வேண்டும்.

இ) என் மனைவிக்கு ஊசி மருந்தை அவர்கள் இந்த வாரமே தொடங்க வேண்டும்.

ஈ) மருத்துவர் கலைவாணன் என் வீட்டுக்கு நேரில் வந்து, சொன்னது தவறு என்று அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் நம்பவில்லை.

நாள்: 14.09.2009
இடம்: புதுச்சேரி

(ஒப்பம்)
இரா. கலியமூர்த்தி