குதிகாலில் எடுத்த ஒரு துளி

அல்லாஹ்வின் பெயரால். என் மகள் கவ்கபுக்கு உன் அப்பா மித்வல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஹம்தியும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே நலம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, எருமை கன்று போட்டது. இந்தக் கடிதத்தை வேறு யாரும் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன், இன்று மூன்றாவது நாள், ஆகையால் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் தம்பி ஸப்ரிக்கு ஆண்பிள்ளை பிறந்ததை உன்னிடம்கூடச் சொல்லவில்லை என்று கோபப்படாதே. அவன் மனைவி ஷூக் முதல் பிள்ளையை நாற்பதாம் நாள் பறிகொடுத்தவள் அல்லவா, இந்த முறை ஊர்க்கண் படக்கூடாது என்று மூடி மறைத்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் பெண் என்றார்கள். ஏழாம் நாள் சடங்கில் பிள்ளையின் காதருகே இடிக்கும் பித்தளை உரலைக்கூட இடிக்கவில்லை, சத்தம் வெளியே போகுமாம். நான்காம் நாள் ஸப்ரியும் நானும் பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனோம், நான் வாசலில் வண்டியோடு நின்றேன். உள்ளே, ஊருக்குப் புதிதாக வந்த தாதி இன்ஸாஃப் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தத்தை ஒரு தாளில் ஒற்றி எடுத்தாளாம், அவ்வளவுதான். நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா, பிச்சைக்காரன் பெயர் சொன்னால் கண் அண்டாது என்று பிள்ளையின் பெயர் ஷஹ்ஹாத் என்று சொல்லிவிட்டான். அப்பன் பெயரும் பொய், தொலைபேசி எண்ணும் பொய். அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சாதித்திருக்கிறான். வண்டியில் திரும்பும்போது என்னிடம் மட்டும் சொல்லி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

பத்தாம் நாள் மன்ஸூரா ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. பிள்ளையின் கழுத்துச் சுரப்பி வேலை செய்யவில்லை, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும், தவறினால் உடம்பும் சரியாக வளராது, அறிவும் வளராது. இன்ஸாஃப் அந்த எண்ணை அழைத்துப் பார்த்துவிட்டு வெயிலில் வீடு வீடாக அலைந்திருக்கிறாள். நம் வீட்டுக்கதவையும் தட்டினாள். ஷஹ்ஹாத் என்ற பெயரே ஷூக்குக்குத் தெரியாது. பிள்ளையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு, "இங்க பொட்டப்புள்ளதாம்மா இருக்கு, வேற வீட்டப் பாருங்க" என்று அவளே மருந்தைத் திருப்பி அனுப்பினாள் மகளே.

இன்ஸாஃப் சும்மா போகவில்லை. நேராக எங்கள் முதியோர் எழுத்து வகுப்புக்கு வந்தாள். இருபது கிழங்கள், இருபது வீடு என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஆசிரியரிடம் ஏதோ சொன்னாள், அவர் பாடத்தை அழித்துவிட்டுப் பலகையில் எழுதினார். நாங்கள் வழக்கம்போல எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தோம். ஷஹ்ஹாத்தின் தகப்பனே, உன் பிள்ளைக்கு மருந்து வேண்டும், உடனே வா. இரண்டாவது முறை படிக்கும்போது என் குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அப்துல் ஆல், "என்ன ஹாஜி, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு, எழுத்து மறந்து போச்சா?" என்றான். சத்தியத்தை நினைத்தேன். பிறகு எழுந்து, "அது என் பேரன்" என்றேன். இன்ஸாஃப் திட்டவில்லை. "மொதல்ல கெளம்புங்க, அப்புறமா சண்ட போடலாம்" என்றாள்.

மறுநாளே மன்ஸூராவில் மறுபடியும் ரத்தம் பார்த்து அன்றே மாத்திரை தொடங்கினார்கள். சின்னத் துண்டு, நசுக்கித் தாய்ப்பாலில் கலந்து கரண்டியில் கொடுக்கிறோம். நிலவு மாதிரி இருக்கிறான், பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே ஒளிந்திருந்ததை ஒரு துளி சொல்லிவிட்டதே என்று நான் இன்னும் வியந்து தீரவில்லை. வெள்ளிக்கிழமை சடங்கை மறுபடி செய்தோம், கதவைத் திறந்து வைத்து. உரலை இன்ஸாஃபே இடித்தாள். பிள்ளையின் காதருகே, "அம்மா பேச்சக் கேளுடா, அத்தை பேச்சக் கேளுடா, அப்பன் பேச்ச மட்டும் கேக்காதே, பேரையே மாத்திச் சொல்ற ஆளு!" என்று கத்தினாள். ஸப்ரி தலையைத் தூக்கவில்லை. ஷூக் சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் பெயர் இத்ரீஸ், இப்போது ஊருக்கே தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அங்கே மருத்துவமனையில் குதிகால் ரத்தத்தோடு, விரும்பினால் பரம்பரை நோய்களையும் பார்க்கிறோம் என்கிறார்களாம், உன் மாமியார் எதற்குக் கிளற வேண்டும் என்கிறாராம். குதிகால் ரத்தம் எடுக்க யோசிக்கவே வேண்டாம். மற்றதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள், ஆனால் நீயும் ஹம்தியும் அண்ணன் தம்பி பிள்ளைகள், சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எதற்கு மருந்து உண்டு, எதற்கு இல்லை என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மாமியாரிடம் பணிவாகப் பேசு, அவரும் பயத்தில்தான் சொல்கிறார், நாங்களும் பயத்தில்தான் செய்தோம்.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், உன் பிள்ளை நீண்ட ஆயுளோடு வாழட்டும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே, பிள்ளை பிறந்ததும் அங்கே கொடுக்கும் தாளில் அதன் உண்மையான பெயரை எழுது, உங்கள் சரியான எண்ணை எழுது. கண் படுமானால் என்மேல் படட்டும்.

பெருவிரல் வைக்காமல் பெயர் எழுதும்
உன் அப்பா
மித்வல்லி