வாசலில் சொல்லாத வசனம்

ஞானப்பூ,

நீ சந்தையிலிருந்து வருவதற்குள் ரயில் போய்விடும், அதனால் எழுதி வைக்கிறேன். நீயே எழுத்துக்கூட்டிப் படி. பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுக்காதே, ஊரெல்லாம் பரப்பிவிடுவாள்.

சோறு வடித்திருக்கிறேன். பெட்டிச் சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

இந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார் என்று வாசலில் நின்று சொல்லித்தான் அனுப்புவேன். தானியேல் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு மெர்சிங் படகு வேலைக்குப் போன அன்று மட்டும் சொல்லவில்லை. "பிள்ளையைக் காவலில்லாம கடலுக்கு அனுப்பிட்டீங்களே" என்று நேற்றும் அழுதாய்.

காலையிலிருந்து வேதாகமத்தில் அந்த வசனம் வரும் சங்கீதம் முழுவதையும் விரல் வைத்துப் படித்தேன். காக்கிறவர் தூங்கமாட்டார் என்றுதான் இருக்கிறது. அப்பன் சொன்னால்தான் காப்பார் என்று எங்கேயும் இல்லை. நீ அழுதது வீண்.

ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளுவாங்கில் இறங்கி மீன் லாரியில் மெர்சிங் போகிறேன். அவன் பேசாவிட்டால் போகட்டும். படகு கிளம்பும்போது கரையில் நின்று சொல்லிவிட்டு வருகிறேன்.

உபதேசியார் வந்து கேட்டால் வாயைத் திறக்காதே. ஞாயிற்றுக்கிழமை இதையே பிரசங்கம் பண்ணிவிடுவார்.

நான் கிளம்பும்போது வாசலில் யாரும் இல்லை. நீ வந்ததும் எனக்கும் ஒருதரம் சொல்லிவிடு.