ஏழாம் எண்ணின் நேர்கோடு

31 மார்ச் 2005, வியாழன்

ரஞ்சன்காவ் தொழிற்சாலையிலிருந்து வந்த சிறுநீர் மாதிரிகளில் மூன்று, கஞ்சாவுக்கு பாசிட்டிவ். ஆச்சரியமில்லை. போன சனிக்கிழமைதான் ஹோலி. தண்டாய் என்கிற பாலில், பாங் என்கிற கஞ்சா இலையை அரைத்துக் கலக்காத தெரு புனேயில் எத்தனை இருக்கும்? குடித்தவருக்கு மறுநாளே போதை தெளிந்துவிடும். கொழுப்பில் ஒட்டிக்கொண்டது மட்டும் நாள்கணக்கில் சிறுநீரில் கசிந்துகொண்டிருக்கும். என் சோதனை சொல்வது, எப்போதோ உள்ளே போயிருக்கிறது என்பதைத்தான். வேலை நேரத்தில் போதையில் இருந்தாரா என்று அதற்குத் தெரியாது. இதை யாரிடம் சொல்ல? எங்கள் லேப் முதலாளி கானிட்கர் சார், நான் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வழக்கம்போல் கம்பெனிக்குப் போனில் எண்களைச் சொல்லிவிட்டார்.

2 ஏப்ரல், சனி

அந்த மூவரில் இருவர் பாங் குடித்ததாக ஒப்புக்கொண்டார்களாம். எச்சரித்து விட்டுவிட்டார்கள். மூன்றாமவர், மாதிரிகளில் ஏழாம் எண், மட்டும் மறுக்கிறாராம். கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். காலையில் தள்ளாடுகிறார் என்று கம்பெனி டாக்டரும் எழுதியிருப்பதால் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். என் கையெழுத்தோடு அறிக்கை போனதும் வேலை போய்விடும்.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

4 ஏப்ரல், திங்கள்

ரிசப்ஷனிலிருந்து ப்ரீத்தி ஓடி வந்தாள். "மேம், ஒரு லேடி தமிழ்ல அழறாங்க. எனக்கு ஆதா... பாதிதான் புரியுது."

ஏழாம் எண்ணின் மனைவி. தாபோடியிலிருந்து வந்திருக்கிறாள். ஸ்டெல்லா என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேறு. ஏன் மாற்றினேன் என்பது இந்தப் பக்கம் முடிவதற்குள் தெரியும்.

"ஹோலி அன்னிக்கு எங்களுக்குப் பெரிய சனிக்கிழமைக்கா, மறுநாள் ஈஸ்டர். தவக்காலம் பூரா டீ கூட வேணாம்னு இருந்த மனுசன். 'பாங்குன்னு சொல்லிட்டு வாடா, லேசா முடியும்'னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. ஜெபம் சொன்ன வாயால எப்படிப் பொய் சொல்றதுங்கறாரு."

சோதனைக்கு உட்பட்டவரின் வீட்டாரிடம் நான் பேசலாமா? தெரியவில்லை. ஆனாலும், அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். அழுகை சட்டென்று நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். கைக்குட்டை முடிச்சிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

எஃபவிரென்ஸ். எச்.ஐ.வி.க்கான மருந்து.

"எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாதுக்கா."

போன மாதம்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். இராத்திரியில் கனவு கண்டு கத்துகிறாராம், காலையில் தலை சுற்றுகிறதாம். கம்பெனி டாக்டர் கஞ்சாவின் அடையாளம் என்று எழுதியதெல்லாம் இந்த மாத்திரை செய்வது. அதோடு, எங்கள் சோதனைப் பெட்டிக்குள் இருக்கும் தாளின் கடைசியில், பொடி எழுத்தில், இந்த மருந்தின் பெயர் இருக்கிறது – பொய்யான பாசிட்டிவ் தரக்கூடும் என்று.

தலைசுற்றல் நிற்கும்வரை வண்டியில் ஏற வேண்டாம், மருந்து கொடுக்கும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள் என்றேன். மற்றதற்கு நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பட்டையைத் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொண்டு போனாள்.

5 ஏப்ரல், செவ்வாய்

முதல் சோதனை, சட்டை நிறத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கிற வாட்ச்மேன் மாதிரி. முகத்தைப் பார்த்துச் சொல்லும் இயந்திரம் மாடியில் இருக்கிறது, எந்தப் பொருள் என்று பிரித்துக் காட்டும் ஜி.சி.எம்.எஸ். ஆனால் இது திராட்சை சீசன். ஐரோப்பாவுக்குப் போகும் திராட்சையில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்க அது இராப்பகலாக ஓடுகிறது. ஒரு டிரைவருக்காக அதை நிறுத்த முடியாது, கம்பெனி முதல் சோதனைக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது என்றார் கானிட்கர் சார்.

அப்படியானால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

நானா சொன்னேன்? மருந்து விஷயத்தை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. ஏழாம் எண்ணிடம் எடுத்து, மூடியை உடைக்காமல் வைத்த இரண்டாவது பாட்டில் எதற்காக ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

வீட்டில் என் கணவர் அம்பியிடம் சொன்னேன். "உன் கையெழுத்து அழகா இருக்குன்னுதானேடி அவா சம்பளமே தரா," என்றார். பிறகு, சிரிக்காமல், "போடாதே," என்றார்.

6 ஏப்ரல், புதன்

சார் என் பக்கமே வரவில்லை. ப்ரீத்தி என் மேசையில் டீ வைத்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். பயமாகத்தான் இருக்கிறது. வேலை போனால்? – போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

8 ஏப்ரல், வெள்ளி

காலையில் சார் மாடிக்கு வந்தார். இரண்டு திராட்சைத் தொகுதிகளுக்கு நடுவில் இடம் தருகிறேன், பாசிட்டிவ் என்றால் அந்தக் கணமே கையெழுத்து என்றார். சம்மதித்தேன்.

பாட்டிலின் அரக்கு முத்திரையை அவர் முன்னாலேயே உடைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, பாங் குடித்ததாக ஒப்புக்கொண்ட ஒருவரின் மாதிரியையும் சேர்த்துக்கொண்டேன். அதை முதலில் ஓட்டினேன். உரிய நேரத்தில், உரிய இடத்தில், திரையில் ஓடும் கோடு கஞ்சாவின் சிதைபொருளுக்குக் கோபுரம் மாதிரி எழுந்தது. இயந்திரம் சரியாகத்தான் பார்க்கிறது.

அடுத்து ஏழு.

அதே நேரம் வந்தது. அதே இடம். கோடு அசையவில்லை. நேராக வந்தது, நேராகவே போனது.

"மறுபடி ஓட்டுங்க," என்றார் சார். ஓட்டினேன். நேர்கோடு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். சட்டைப் பையிலிருந்த தன் பேனாவை என்னிடம் நீட்டினார்.

'கண்டறியப்படவில்லை.' இத்தனை வருடங்களில் இவ்வளவு சந்தோஷமாக நான் கையெழுத்துப் போட்டதில்லை. மாடிப்படியில் பாடிக்கொண்டே இறங்கினேன். நாற்பத்துநாலு வயதில்!

9 ஏப்ரல், சனி

கம்பெனியின் பணியாளர் அதிகாரி ராகவேந்திரா போன் செய்தார். கன்னடக்காரர், ஆனால் நல்ல தமிழ். சஸ்பென்ஷனை ரத்து செய்துவிட்டார்கள். தலைசுற்றல் தீர்ந்ததாக டாக்டர் சொன்னதும் வண்டி ஓட்டலாம், அதுவரை ஸ்டோரில் வேலை. நல்லது. அப்புறம் கேட்டார், "முதல்ல ஏன் மேடம் பாசிட்டிவ் வந்தது? அந்த ஆள் ஏதாவது மருந்து சாப்பிடறாரா?"

"கஞ்சா இருக்கான்னு கேட்டீங்க. இல்லை. உங்க கேள்விக்குப் பதில் அவ்வளவுதான் சார்."

பிறகு, சரி மேடம் என்றார்.

கானிட்கர் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், இனி மாடிச் சோதனை முடியாமல் எந்த எண்ணையும் போனில் சொல்வதில்லை என்று ப்ரீத்தியிடம் எழுதி ஒட்டச் சொன்னார். மராத்தியில், ஆங்கிலத்தில். அடியில் தமிழில் நான் எழுதினேன். அதை யார் படிக்கப் போகிறார்கள்? ப்ரீத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

20 மார்ச் 2006, திங்கள்

மறுபடி ஹோலி முடிந்தது, மறுபடி ரஞ்சன்காவ். இந்தத் தடவை மாதிரி சேகரிக்க நானே போனேன். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிடங்கின் நடுவில் வழி தெரியாமல் நின்றபோது, பின்னால் ஹார்ன். பெட்டிகளை அடுக்கித் தூக்கியபடி ஒரு ஃபோர்க்லிஃப்ட்.

"தாயீ, பாஜூலா வ்ஹா," என்றார் டிரைவர். அக்கா, ஒதுங்குங்க. மராத்தியில் சொன்னாலும் குரலில் தமிழ் இருந்தது. கழுத்தில் சின்ன சிலுவை. சட்டையில் குத்தியிருந்த பெயர் எனக்குத் தெரிந்த பெயர்.

நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

ஒதுங்கி நின்றேன். அத்தனை பாரத்தோடு, ஒரு பெட்டிகூட ஆடாமல், நேராகப் போனார்.