நிலம் ஆடியபோது நான் தூக்காத பிள்ளை

நுரைச்சோலை

அன்பு மகன் ஸப்ரானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் ஜப்பானில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், அந்தச் சொல் வரவில்லை. நிலம் கொஞ்சம் ஆடியது, ரம்ஸியாவின் கையில் சின்னக் காயம் என்று உம்மா போனில் சொன்னது பாதிதான். மீதியைப் போனில் சொன்னால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் உன் தங்கச்சிக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று உம்மாவும் மூத்தவள் நிஸ்ரின் ராத்தாவும் மதுரங்குளிக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான், ரம்ஸியா, ராத்தாவின் மூன்று வயது மகள் ஸும்றா. அஸர் தொழுதுவிட்டு எழும்பினேன், பெரிய லொறி ஒன்று வாசலால் போகிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு ஓடுகள் கடகடவென்றன, குசினியில் பாத்திரங்கள் விழுந்தன. காலடியில் விளையாடிக்கொண்டிருந்த ஸும்றாவை வாரித் தூக்கிக்கொண்டு கிணற்றையும் தாண்டி வேலி வரைக்கும் ஓடினேன். இதுவரைக்கும் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆட்டம் நின்றது. உள்ளேயிருந்து ரம்ஸியா வாப்பா, வாப்பா என்று கூப்பிட்டாள், எனக்கு நன்றாகக் கேட்டது மகன். பிள்ளையை மணலில் இறக்கிவிட்டு நான் போயிருக்கலாம். கூரை விழுந்துவிடும் என்ற பயத்தில் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு லாபிரின் மனைவி மரியம் ஓடிவந்து, புள்ள உள்ளுக்கா, நீங்க இங்க என்ன செய்றீங்க என்று கேட்டாள், பதிலுக்கு நிற்காமல் அவளே உள்ளே பாய்ந்தாள்.

அலுமாரி கட்டிலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அலுமாரிகளைச் சுவரோடு இறுக்கி வைப்பார்கள், எழும்ப ஏலாதவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் உயரமான சாமான் வைக்க மாட்டார்கள், யார் யாரைத் தூக்குவது என்று முன்கூட்டியே பேர் எழுதிப் பழகுவார்கள் என்றெல்லாம் போன வருஷமே சொன்னாய். நான் சிரித்தேன். ஜப்பான்தான் ஆடும், புத்தளம் ஆடாது என்றேன். இரண்டு ஆணி அடிக்க எனக்கு ஒரு வருஷம் போதவில்லை. உனக்குத் தெரிந்ததுதான், பிறவியிலிருந்தே ரம்ஸியாவுக்குக் கால் இரண்டும் இடது கையும் ஏலாது. வலது கையால்தான் சாப்பிட்டாள், குர்ஆன் ஓதும்போது பக்கம் புரட்டினாள், உனக்கு மெசேஜ் எழுதினாள். அந்தக் கைதான் அடியில் அகப்பட்டது. மரியம்தான் அலுமாரியைத் தள்ளி அவளை வெளியே தூக்கி வந்தாள். எலும்பு பொருந்தும், விரல்கள் பழையபடி மடங்குமா என்று சொல்ல முடியாது என்கிறார் டொக்டர். இருபத்திமூன்று வயதுப் பிள்ளைக்கு இப்போது உம்மா சோறு ஊட்டுகிறாள்.

ரம்ஸியா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். புள்ளயத் தூக்கிட்டு ஓடினது நல்லம் வாப்பா, ரெண்டு பேரையும் ஒண்டாத் தூக்க உங்களுக்கு ஏலுமா என்று ஆசுபத்திரியில் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆட்டம் நின்ற பிறகும் நான் வராததை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது அலுமாரியை வேறு அறையில் சுவரோடு இறுக்கியிருக்கிறேன், கட்டிலைக் கதவடிக்கு மாற்றிவிட்டேன், குனிந்தால் வாய்க்கு எட்டும்படி அவள் கழுத்தில் ஒரு விசில் கிடக்கிறது. ஸும்றாவுக்கு மேசைக்குக் கீழே போய்த் தலையைப் பொத்திக்கொள்ளப் பழக்கினோம், அவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள். போன வியாழக்கிழமை கிராம சேவகர் அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி வந்தாள், தானாக ஓட ஏலாதவர்களின் விபரம் எடுக்க. அவசரத்தில் இவவை யார் தூக்குவது என்று கேட்டாள். நான் கதவடியில்தான் நின்றேன், என் பேரைச் சொல்ல வாயும் திறந்தேன். அதற்குள் ரம்ஸியா, மரியம் மாமி எண்டு எழுதுங்க என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாப்பாக்கு முதுகு ஏலாது என்றும் சொன்னாள். எனக்கு முதுகில் ஒரு நோவும் இல்லை மகன். சின்ன வயதிலிருந்தே அவளைக் கட்டிலால் தூக்கி இறக்கி, சில்லுக் கதிரையில் இருத்துகிறவன் நான்தான். அது அவளுக்குத் தெரியும்.

நீ கோபிப்பாய், கோபி. ஆனால் வீட்டுக்குப் போன் எடுக்காமல் இருந்துவிடாதே. அவளால் இப்போது எழுத ஏலாது, நீதான் பேச வேண்டும், நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உன் கையில் ஒப்படைக்கப்பட்ட அந்த வயசாளிகளை அல்லாஹ் உன்னைக் கொண்டு காப்பாற்றட்டும், உன் கால்களுக்கு என் கால்களின் பயத்தைக் கொடுக்காதிருக்கட்டும்.

உன் வாப்பா
சாஹுல் ஹமீது